சென்னை – மதுரை ஒரே பகலில்: முதல்முறை காரோட்டிப் போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து மதுரை ஏறத்தாழ 460 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து கணக்குப் பார்த்தால் அதில் இருபது, இருபத்தைந்து குறையும். வழி நெடுக நடுத்தடுப்பு வைத்த சாலை. மலைப்பாதை இல்லை, வழி தவறும் இடங்களும் அதிகமில்லை. நிதானமாக ஓட்டி, இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தினாலும் எட்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். ஆனாலும் முதல்முறை போகிறவர்கள் பலர் பத்து, பதினொரு மணி நேரம் ஆக்கிக்கொண்டு, இருட்டிய பிறகு இடுப்பைப் பிடித்தபடி மாட்டுத்தாவணியில் வந்து இறங்குகிறார்கள். விசாரித்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வீட்டை விட்டுக் கிளம்பிய நேரம்.

வேகம் எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். திண்டிவனம் தாண்டினால் மதுரை வரை ஏறத்தாழ 340 கிலோமீட்டர். சராசரி 80-ல் போனால் நாலேகால் மணி நேரம். சராசரி 90 என்றால் மூன்றே முக்கால். அந்த அரைமணிக்காக முள்ளைப் பல இடங்களில் 110, 120 வரை விரட்ட வேண்டியிருக்கும். ஒரு டீக்கடை நிறுத்தத்தில் அது கரைந்துவிடும். அதே ஆள் காலை நாலரைக்குப் பதில் ஏழரைக்குக் கிளம்பினால், செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள்ளேயே முக்கால் மணி, ஒரு மணி நேரம் போய்விடும். அதை எந்த வேகத்தாலும் மீட்க முடியாது.

அதனால் இந்தப் பயணத்தைத் திட்டமிடுவது என்றால் முதலில் கடிகாரத்தைத் திட்டமிடுவது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எந்த நாளில் கிளம்புவது

தேர்ந்தெடுக்க வசதி இருந்தால் செவ்வாய், புதன், வியாழன். வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் தெற்கு நோக்கி வண்டியை எடுக்காதீர்கள். வாரக் கடைசிக்கு ஊருக்குப் போகிற மொத்தச் சென்னையும் அப்போது தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் ஜிஎஸ்டி ரோட்டில்தான் இருக்கும். பொங்கல், தீபாவளி, ஆயுதபூஜை விடுமுறைக்கு முந்தின இரண்டு நாள்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பரனூர் டோல்கேட்டில் வரிசை நீள்வதைத் தொலைக்காட்சியே காட்டும். பண்டிகைக்குப் போயே ஆக வேண்டும் என்றால், பண்டிகை அன்று விடியற்காலையில் போய்ப் பாருங்கள். சாலை அகலமாகத் தெரியும். ஆனால் போகி அன்று விடியலில் வேண்டாம். பழைய பாய், டயர் எரித்த புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து புறநகரில் பத்தடி முன்னால் போகும் வண்டியைக்கூட மறைத்துவிடும்.

காலண்டரில் இன்னொன்றும் பாருங்கள்: முகூர்த்த நாளா என்று. வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் கல்யாண வேன்கள் விடியற்காலையிலிருந்தே ஓடும். டிசம்பர், ஜனவரியில் மேல்மருவத்தூருக்குச் செவ்வாடைப் பக்தர்கள் பேருந்து பேருந்தாக வருவார்கள். சமயபுரத்துக்கும் கோடையில் பாதயாத்திரைக் கூட்டம் உண்டு. இவர்கள் சாலையின் இடது ஓரமாக, பல சமயம் இருட்டிலேயே நடப்பவர்கள். அந்த நாள்களில் விடியும் வரை இடது ஓரத்தில் ஒரு கண் இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானிலை அறிக்கையை வெறுமனே கேட்டால் போதாது, ஆற்று வெள்ளச் செய்தியையும் பாருங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை பெருகி, விழுப்புரம் மாவட்டம் அரசூர் பக்கம் இந்த நெடுஞ்சாலையின் மேலேயே தண்ணீர் ஓடிப் போக்குவரத்து நின்றது. சென்னையில் வெயிலடிக்கலாம், மேற்கே திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கம் பெய்த மழை உங்கள் சாலையில் வந்து நிற்கலாம்.

வண்டியை முந்தின வாரமே பாருங்கள்

முந்தின நாள் இரவு அல்ல, முந்தின வாரம். பிரேக்கில் சத்தம் வருகிறது, டயர் மொட்டையாகிவிட்டது என்று வெள்ளிக்கிழமை ராத்திரி தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

டயரில்தான் அதிக கவனம் வேண்டும். கோடையில் நாலு மணி நேரம் விடாமல் ஓடும்போது பழைய டயர்தான் முதலில் கைவிடும். பட்டன் (தரையைத் தொடும் வரிப்பகுதி) தேயாமல் இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கலாம். டயரின் பக்கவாட்டில், நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். சில டயர்களில் அந்த எண் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும், குனிந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஐந்து, ஆறு வயதைத் தாண்டியிருந்தால் டயர்க் கடையில் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். பக்கவாட்டில் வெடிப்போ வீக்கமோ தெரிந்தால் வயது பார்க்காமல் மாற்றுங்கள்.

காற்று அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். அதில் இரண்டு வரிசை: ஆள் குறைவாக இருந்தால் ஒன்று, ஐந்து பேரும் பெட்டியும் ஏறினால் இன்னொன்று. குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால் இரண்டாவது வரிசை. வண்டி ஓடிச் சூடேறும் முன் பிடிக்க வேண்டும். ‘வெயில் காலம், காற்றைக் குறைத்துப் பிடிங்க’ என்று பங்க்கில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காற்று குறைந்த டயர்தான் அதிகம் சூடாகும். ஸ்டெப்னிக்கும் காற்றுப் பிடியுங்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய கார் வாங்கியவர்களுக்கு இதில் அதிர்ச்சி காத்திருப்பதுண்டு.

கூலன்ட், என்ஜின் ஆயில், வைப்பர் தண்ணீர், எல்லா விளக்குகளும் எரிகிறதா என்பதெல்லாம் பத்து நிமிட வேலை. முன் கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள். எதிர்வெளிச்சத்தில் கண்ணைக் கூசவைப்பது பாதி அந்த உள்பக்க அழுக்குதான்.

ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் நான்கும் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ இருந்தால் போதும். போலீஸ் கேட்டால் அதைக் காட்டலாம், செல்லும்.

ஃபாஸ்டேக்கும் எட்டு டோல்கேட்டும்

வழியில் வரும் சுங்கச்சாவடிகள் வரிசையாக: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி. இந்த ஆத்தூர் சேலத்து ஆத்தூர் இல்லை. திண்டிவனத்துக்கு முன்னால் வருவது.

கட்டணம் சில சாவடிகளில் ஏப்ரலிலும் சிலவற்றில் செப்டம்பரிலும் மாறும். அதனால் யாரோ சொன்ன தொகையை நம்பாமல் ராஜ்மார்க் யாத்ரா செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக் கணக்கில் ஆயிரம் ரூபாய் வைத்துவிட்டுக் கிளம்பினால் ஒருவழிக்குக் கவலை இல்லை. வீட்டிலிருந்தே ரீசார்ஜ் செய்யுங்கள், சாவடி வரிசையில் நின்று கொண்டல்ல. பணம் ஏறியது அங்கே தெரியச் சில நிமிடம் ஆகலாம், பின்னால் நிற்பவர்கள் ஹாரனால் உங்கள் பரம்பரையையே விசாரிப்பார்கள். டேக் வேலை செய்யவில்லை என்றால் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். 2025 நவம்பர் 15-ல் வந்த விதியில் ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு என்று வைத்தார்கள்.

மாதம் ஒருமுறை ஊருக்குப் போய் வருபவர்கள் ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸைப் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியபோது 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 முறை, எது முந்துகிறதோ அது. சொந்தக் காருக்கு மட்டும். மதுரை போய்த் திரும்பினால் 16 முறை கழியும், ஆக 12 தடவை போய்வரலாம். அந்த விலையில் சாவடி ஒன்றுக்கு 15 ரூபாய். ஆண்டுக்கு ஒரே தடவை பொங்கலுக்குப் போகிறவருக்கு அது தேவைப்படாது.

பெட்ரோல் கணக்கு எளிது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் என்றால் 31 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் மூவாயிரத்துச் சொச்சம். முந்தின நாளே டேங்கை நிரப்புங்கள். பல கார்கள் ஒரே டேங்கில் மதுரையைத் தொட்டுவிடும் என்றாலும், திருச்சியில் முள்ளைப் பார்த்து ஒரு முடிவெடுங்கள். மின்காரில் போகிறவர்களுக்கு ஒரே ஒரு விதி: நீங்கள் நம்பிப் போகும் சார்ஜர் பழுதாகி இருந்தால் அடுத்த சார்ஜருக்குப் போய்ச்சேரும் அளவு பேட்டரியில் எப்போதும் மிச்சம் இருக்கட்டும்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை

மொத்தப் பயணத்தில் மிகச் சள்ளையான பகுதி இதுதான். பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பேருந்துகளின் நெரிசல் கோயம்பேட்டிலிருந்து இங்கே இடம்பெயர்ந்துவிட்டது. காலை ஏழு மணிக்கு மேல் கம்பெனிப் பேருந்துகள், ஷேர் ஆட்டோக்கள், பள்ளி வேன்கள், சாலையைக் குறுக்கே கடக்கும் ஜனங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

ஐந்தரைக்குள் செங்கல்பட்டைத் தாண்டிவிட வேண்டும் என்பதை இலக்காக வையுங்கள். நகரத்தின் எந்த மூலையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வெளியேறும் வழி மாறும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் ஊருக்குள் நுழையாமல் வெளிவட்டச் சாலையைப் பிடித்து நேரே வண்டலூரில் இறங்கலாம். போரூர், மதுரவாயல் ஆள்கள் தாம்பரம் பைபாஸில் வந்து பெருங்களத்தூரில் ஏறலாம். ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) இருப்பவர்கள் கேளம்பாக்கம் – வண்டலூர் சாலை, இல்லாவிட்டால் திருப்போரூர் – செங்கல்பட்டு சாலை. பின்னதில் மறைமலைநகர் நெரிசலும் பரனூர் சாவடியும் தப்பும். இருட்டில் அந்தச் சாலையில் முதல்முறை போவது மட்டும் வேண்டாம், விளக்கில்லாத வளைவுகள் உண்டு.

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போய் விழுப்புரத்தில் சேரலாமே என்று உறவில் யாராவது ஒரு மாமா கட்டாயம் சொல்வார். அழகான சாலைதான். மதுரைக்கு ஒரே பகலில் போகிறவர்களுக்கான சாலை அல்ல.

நேரக் கணக்கு

இது அவசரம் இல்லாத ஓட்டத்துக்கான கணக்கு. 80, 90-ல் போய், மூன்று முறை நிறுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

4.45 – தாம்பரம்
5.20 – செங்கல்பட்டு, பாலாற்றுப் பாலம்
6.10 – திண்டிவனம்
6.35 – விக்கிரவாண்டிப் பக்கம் சிற்றுண்டி, முப்பத்தைந்து நிமிடம்
7.55 – உளுந்தூர்பேட்டை
8.55 – பெரம்பலூர்
9.15 – பாடாலூர்ப் பக்கம் டீ, இருபது நிமிடம்
10.10 – திருச்சி பைபாஸ், கால் நீட்டப் பத்து நிமிடம்
11.15 – துவரங்குறிச்சி
11.50 – மேலூர்
12.20 – மதுரை, மாட்டுத்தாவணி

மதியச் சாப்பாட்டுக்கு ஊரில் இருப்பீர்கள். இதில் இன்னொரு லாபம் சூரியன். சாலை தென்மேற்காகப் போவதால் காலை வெயில் இடது பக்கமும் முதுகிலும் விழும்; மதியத்துக்கு மேல் வலது பக்கமாக ஏறி, மாலையில் ஓட்டுபவர் முகத்துக்கு நேரே வரும். பத்து மணிக்குக் கிளம்பியவர்கள் திருச்சி தாண்டி அதைத்தான் வாங்கிக்கொண்டு ஓட்டுவார்கள். கைக்குழந்தை இருந்தால் காலையில் வலது பக்க ஜன்னலோரம் உட்காரவையுங்கள்.

இந்தக் கணக்கில் நாற்பது நிமிடம் பிந்தினால் பரவாயில்லை, விரட்டிப் பிடிக்க வேண்டாம். மத்திய அரசின் 2018 அறிவிப்பு நடுத்தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் காருக்கு உச்சவரம்பு 100 என்று வைத்தது. ஊர்களையும் பாலங்களையும் ஒட்டி அதைவிடக் குறைத்துப் பலகை வைத்திருப்பார்கள், அங்கே அந்தப் பலகைதான் சட்டம். கேமராக்களும் பெருகிவிட்டன, ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு செல்போனில் செலான் வரும்.

சாலையில் யார் என்ன சொல்கிறார்கள்

நகரத்திலேயே ஓட்டிப் பழகியவர்களுக்கு நெடுஞ்சாலையின் பாஷை புரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் போவதுதான் உண்மையான ஆபத்து.

ஹெட்லைட்டை யாராவது விட்டு விட்டு அடித்தால் ‘நீ போ’ என்று அர்த்தமில்லை. ‘நான் வந்துகொண்டிருக்கிறேன், நீ நில்’ என்று அர்த்தம். முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் இரண்டு அர்த்தம் இருக்கலாம்: அது வலப்பக்கம் திரும்பப் போகிறது, அல்லது உங்களை வலப்பக்கமாக முந்தச் சொல்கிறது. எது என்று ஊகிக்க வேண்டாம். மீடியனில் இடைவெளி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் லாரி திரும்பும் என்றே வைத்துக்கொண்டு பின்னாலேயே போங்கள்.

வலது தடம் முந்துவதற்கானது என்று புத்தகத்தில் படித்திருப்போம். இங்கே பாரம் ஏற்றிய லாரி அந்தத் தடத்தில் அறுபதில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். இடது தடத்தில் டூவீலர்களும் ஓரமாக நிறுத்திய வண்டிகளும் இருப்பதால் லாரிக்காரருக்கு அதுதான் நிம்மதி. ஒருமுறை லைட் அடித்து, ஒரு சின்ன ஹாரன் கொடுத்துக் காத்திருங்கள், பெரும்பாலும் ஒதுங்குவார். ஒதுங்காவிட்டால் இடப்பக்கமாகத்தான் கடக்க வேண்டியிருக்கும். அப்போது அந்த லாரிக்கு முன்னால் இடது தடத்தில் என்ன இருக்கிறது என்று முழுசாகத் தெரிந்த பிறகே மிதியுங்கள். லாரி மறைவில் எதிர்த்திசையில் வரும் டிவிஎஸ் ஃபிப்டி ஒன்று, புல்லுக்கட்டோடு, உங்களுக்காகக் காத்திருக்கலாம்.

எதிர்த்திசை டூவீலரைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். அவர் வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே நாம் சாலை போட்டுவிட்டோம்; மீடியனில் அடுத்த இடைவெளி இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவர் வருவார் என்று எதிர்பார்த்து ஓட்டுவதுதான் ஒரே வழி. மீடியனில் அரளிச் செடி அடர்ந்து நிற்கும் இடங்களில் எதிர்வண்டியின் வெளிச்சம் கண்ணில் படாது, அது நல்லது. ஆனால் அந்தச் செடிக்குப் பின்னாலிருந்து சாலை கடக்கிற ஆளும் தெரியாது. இடைவெளி வருவதைக் காட்டும் மஞ்சள் பலகை, ஒளிரும் பட்டை, தரையில் வரிவரியான மேடு, இவற்றில் எதைப் பார்த்தாலும் காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

விடியும் முன் மிக மோசமானது, இடது ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி. பின்னால் சிவப்பு விளக்கு இருக்காது, ஒளிரும் ஸ்டிக்கர் தூசியில் மறைந்திருக்கும். அதனால் இருட்டு இருக்கும்வரை இடது தடத்தில் எழுபதுக்கு மேல் போகாதீர்கள். முன்னால் ஏதாவது வண்டி சீரான வேகத்தில் போனால், தாராளமாக இடம்விட்டு அதன் சிவப்பு விளக்கைத் தொடர்ந்து போங்கள்.

டோல்கேட்டை விட்டு வெளியே வந்ததும் முதல் இருநூறு மீட்டர் கவனம். பத்துத் தடம் இரண்டாகச் சுருங்கும் இடம் அது. ஆம்னி பஸ்களுக்கு வழிவிட்டுவிடுங்கள். அவர்களோடு போட்டி போட்டு ஜெயித்தவர் யாரும் இல்லை.

தூக்கம்

உளுந்தூர்பேட்டையிலிருந்து பெரம்பலூர் வரை சாலை நேராக, ஒரே மாதிரிப் போகும். இரண்டு பக்கமும் சோளக்காடு, பருத்தி, புளியமரமில்லாத வெட்டவெளி. சிற்றுண்டி உள்ளே போயிருக்கும், வெயில் ஏறியிருக்கும், ஏசி குளுகுளுவென்று இருக்கும், பின்சீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். ஓட்டுபவர் கண்ணைத் திறந்தபடியே தூங்குவது இங்கேதான்.

அறிகுறி கொட்டாவி மட்டும் இல்லை. கடைசியாகக் கடந்த ஊரின் பெயர் நினைவுக்கு வரவில்லை, சக்கரம் வெள்ளைக் கோட்டில் ஏறி இறங்கியது, பாட்டு முடிந்தது தெரியவில்லை – இவற்றில் ஒன்று நடந்தாலும் அடுத்த பங்க்கில் உள்ளே திருப்புங்கள். முகம் கழுவுவதும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதும் ஐந்து நிமிடத்துக்குத்தான் உதவும். காபி குடித்துவிட்டு, சீட்டைச் சாய்த்து, இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துத் தூங்குங்கள். காபி வேலைசெய்ய அரைமணி ஆகும். எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். நிழலில் நிறுத்துங்கள், நாலு பேர் நடமாடும் இடத்தில் நிறுத்துங்கள், சாலையோரத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள்.

முந்தின இரவு ஒன்பதரைக்குப் படுத்தால்தான் நாலு மணிக்கு எழ முடியும். பெட்டி கட்டுவது, பூச்செடிக்குத் தண்ணீர் சொல்லிவைப்பது எல்லாம் மாலைக்குள் முடியட்டும். ஓட்டுபவருக்கு ராத்திரி ஒன்பது மணிக்குமேல் வீட்டில் எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. இதை வீட்டில் உள்ளவர்களிடம் காட்டலாம். லைசென்ஸ் உள்ள இன்னொருவர் இருந்தால் திருச்சியில் கைமாற்றுங்கள். ஒருவரே ஓட்டுவதானால் போன அன்றே திரும்புவதை மறந்துவிடுங்கள்.

சாப்பாடும் கழிப்பறையும்

ஓட்டுபவருக்கு இட்லி. நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் மற்றவர்களுக்கு. இது அநியாயம்தான், ஆனால் பொங்கல் சாப்பிட்டுவிட்டு உளுந்தூர்பேட்டைச் சாலையில் விழித்திருக்க முயல்வது அதைவிட அநியாயம்.

செங்கல்பட்டிலிருந்தே பித்தளை டபராவைக் காட்டி அழைக்கும் கும்பகோணம் டிகிரி காபிக் கடைகள் வரிசையாக வரும். பெயர் எல்லாவற்றிலும் ஒன்றுதான், காபி ஒன்றல்ல. பாலைக் கண்ணெதிரில் காய்ச்சுகிற கடையில் நிறுத்துங்கள். சாப்பாட்டுக்கு, பேருந்துகள் மொத்தமாக வந்து நிற்கும் மோட்டல்களைத் தவிர்த்துவிடலாம். அங்கே ருசிக்காக யாரும் வருவதில்லை, பஸ் நின்றது, இறங்கினார்கள். குடும்பக் கார்கள் நாலைந்து நிற்கிற, வெளிச்சமான இடம் போதும். கோடையில் மதுராந்தகத்திலிருந்து விழுப்புரம் வரை சாலையோரம் தர்பூசணியும் நுங்கும் கிடைக்கும். நுங்கை அங்கேயே சீவச் சொல்லி நின்று சாப்பிடுங்கள், வண்டிக்குள் வாங்கிப் போனால் சீட்டுக்குக் கறை.

கழிப்பறைக்காக வயதானவர்களும் பெண்களும் தண்ணீர் குடிக்காமலேயே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறை இருக்க வேண்டும், நீங்கள் பெட்ரோல் போடாவிட்டாலும் பயன்படுத்தலாம். எண்ணெய் நிறுவனமே நேரடியாக நடத்தும் பெரிய பங்க்குகளும், தெரிந்த பெயருள்ள சைவ ஓட்டல்களும் பொதுவாகச் சுத்தமாக இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, யாரும் கேட்காமலேயே ஓட்டுபவரே நிறுத்திவிட்டால் சங்கடம் இல்லை.

திருச்சியில் கவனிக்க

ஊருக்குள் போக வேண்டாம், பைபாஸிலேயே போங்கள். கொள்ளிடம், காவிரிப் பாலங்களில் ஏறும்போது வலப்பக்கம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரமும் அப்பால் மலைக்கோட்டையும் தெரியும். பின்சீட்டுக்காரர்கள் பார்க்கட்டும், ஓட்டுபவர் பாலத்தின் வேகத்தடுப்பைப் பார்க்கட்டும். பைபாஸிலேயே ஊர் வண்டிகள் நிறைய ஓடுவதால் இருபது நிமிடம் மெதுவாகத்தான் போகும்.

இங்கே ஒரு பிரிவு முக்கியம். திண்டுக்கல் சாலை மணப்பாறை வழியாகப் போகும், மதுரைச் சாலை விராலிமலை வழியாக. பலகையில் விராலிமலை, மதுரை என்று பார்த்துத் திரும்புங்கள். முறுக்கு வாங்கும் ஆசையில் மணப்பாறைப் பக்கம் திரும்பினால் திண்டுக்கல் சுற்றித்தான் மதுரை. சாலை எண் பார்த்துப் போகிறவர்களுக்கு: திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, அதன் பிறகு மதுரை வரை 38. பழைய ஆள்கள் சொல்லும் ‘என்எச் 45’ பலகைகளில் இப்போது இல்லை.

துவரங்குறிச்சியில் மேப் உங்களை நத்தம் பக்கம் திருப்பலாம். தவறில்லை. துவரங்குறிச்சி – நத்தம் – மதுரை நான்குவழிச் சாலையும் நல்ல சாலைதான், தூரமும் குறைவு. 2023 ஏப்ரலில் திறந்த ஏழு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நத்தம் சாலை மேம்பாலம் உங்களைத் தல்லாகுளம் பக்கமே கொண்டுவந்து இறக்கும். அய்யர் பங்களா, நாராயணபுரம், தல்லாகுளம் போகிறவர்களுக்கு அதுவே வசதி. மாட்டுத்தாவணி, அண்ணாநகர், கே.கே.நகர்க்காரர்களுக்கு மேலூர் வழி.

வழியில் ஏதாவது ஆகிவிட்டால்

பஞ்சர், பெட்ரோல் தீர்ந்தது, வண்டி நின்றுவிட்டது, சாலையில் தடை – எதற்கும் 1033. தேசிய நெடுஞ்சாலைக்கான இலவச எண் அது. இருக்கும் இடத்தைச் சொல்ல, சாலையோரக் கிலோமீட்டர்க் கல்லைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை முடிந்தவரை தார்ச் சாலையை விட்டு இறக்கி, நாலு இண்டிகேட்டரையும் போட்டு, முக்கோணப் பலகையை ஐம்பது மீட்டராவது பின்னால் வையுங்கள். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் இறங்கிச் சாலைக்கு வெளியே, வண்டியை விட்டுத் தள்ளி நிற்கட்டும். நின்ற காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. வலது பின்சக்கரம் பஞ்சரானால் லாரிகள் உரசிப்போகும் தார் விளிம்பில் உட்கார்ந்து கழற்றாதீர்கள். ரிம் வளைந்தாலும் பரவாயில்லை, இருபதில் உருட்டிக்கொண்டு அடுத்த சர்வீஸ் ரோடுக்குள் போய் நிறுத்துங்கள்.

அடிபட்டால் 108. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டத்தை 2021 டிசம்பரில் இதே சாலையில் உள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கினார்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும், எந்த மாநிலத்தவரானாலும், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வரம்புத் தொகைக்குள் பணம் கட்ட வேண்டியதில்லை. முன்பணம் இல்லையே என்று அடிபட்டவரை அலைக்கழிக்கத் தேவையில்லை.

மதுரைக்குள்

சிட்டம்பட்டி டோல்கேட் தாண்டியதும் எதிரே யானை படுத்த மாதிரி ஒரு மலை வரும். அதுதான் யானைமலை, அடியில் ஒத்தக்கடை. கடைசிப் பதினைந்து நிமிடம் என்பதால் இங்கே கால் தானாக அழுத்தும். ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி வரை டவுன் பஸ்கள் நினைத்த இடத்தில் நிற்கும், ஆட்டோக்கள் நினைத்த இடத்தில் திரும்பும். நெடுஞ்சாலை முடிந்துவிட்டது என்று இங்கேயே மனதை மாற்றிக்கொள்ளுங்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய வீதிகளுக்குள் காரை நுழைக்க முயலாதீர்கள். தங்கும் இடத்தில் போட்டுவிட்டு ஆட்டோவில் போங்கள். விருதுநகர், திருநெல்வேலி தாண்டிப் போகிறவர்கள் மாட்டுத்தாவணிக்கருகில் ரிங் ரோட்டில் திரும்பினால் கப்பலூரில் இறங்கலாம், ஊருக்குள் வர வேண்டியதில்லை.

திரும்பும் நாளை இங்கே வரும் முன்பே முடிவு செய்யுங்கள். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் ராத்திரி எட்டு மணிக்குச் செங்கல்பட்டில் நிற்பீர்கள், உங்களோடு எல்லோரும் நிற்பார்கள். ஞாயிறு விடியலில் ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஒரு மணிக்குள் தாம்பரம். அது முடியாதென்றால் திங்கள் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு, காலைச் சிற்றுண்டி முடித்து எட்டு மணிக்கு எடுங்கள். மாலை அலுவலக நெரிசல் தொடங்கும் முன் வண்டலூரைத் தாண்டிவிடலாம்.